ஒற்றைப் பக்கம் வேண்டுமா?

(இளைஞர் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இக்கால இணையத்தளங்களுக்கு "ஒற்றைப் பக்கச் செயலி" என்னும் கட்டமைப்பு உண்மையிலேயே தேவைதானா என்பது இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள். இதனைக் கேட்டவுடன், "இது கணினித் தொழில் செய்வோர் தமக்குள்ளே பேசித் தீர்க்கவேண்டிய காரியமன்றோ, நமக்கு இதில் என்ன?" என்று பின்வரிசையில் அமர்ந்திருக்கும் பெரியவர்கள் எண்ணக்கூடும். அவ்வாறு எண்ணுவது நியாயமே. ஆயினும் கதவு திறவாதபோது வாசலில் நிற்பவர் தச்சர் அல்லர். வீட்டுக்கு வந்தவரே நிற்கிறார். ஆதலால் வந்தவருக்கும் இந்த வழக்கிலே ஒரு பங்கு உண்டு.

நான் இதிலே நடுநிலையாளன் அல்லன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அலுவலகத்துக்கு இணையத்தளம் அமைத்துக் கொடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. அறிவித்தல்கள், விண்ணப்பப் படிவங்கள், உத்தியோகத்தர்களின் தொலைபேசி இலக்கங்கள், இவ்வளவே அதில் இருக்கவேண்டியவை. முப்பது பக்கங்களுக்கு மேற்படாது. நானோ அதனை ஒற்றைப் பக்கச் செயலியாகவே கட்டினேன். கட்டவேண்டிய காரணம் ஒன்றும் இருக்கவில்லை. அக்காலத்தில் எல்லோரும் அவ்வாறு கட்டினர், நானும் கட்டினேன். பக்கத்துக்குப் பக்கம் வழுக்கிக்கொண்டு செல்லும் அதன் நடையைக் கண்டு அலுவலகத்தார் மகிழ்ந்தனர். நானும் மகிழ்ந்தேன்.

விண்ணப்பம் ஏற்கும் முடிவுத் திகதியன்று நான் வேறொரு காரியமாக அங்கே போயிருந்தேன். ஒரு தாயார் தம்முடைய பழைய கைத்தொலைபேசியை என்னிடம் நீட்டி, "தம்பி, விடியத் துவக்கம் பாத்துக்கொண்டிருக்கிறன், ஒண்டும் வருதில்லை" என்றார். வாங்கிப் பார்த்தேன். திரை வெள்ளையாக இருந்தது. பிழைச் செய்தி கூட இல்லை. மகனுக்காக விண்ணப்பிக்க வந்தவர் அவர். பேருந்து ஏறி நேரில் வந்தபடியால் காரியம் முடிந்தது. வராமல் வீட்டிலேயே பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எத்தனை பேர் என்பதற்கு என்னிடம் கணக்கில்லை. வெள்ளைத் திரையைக் கண்டு திரும்பிப் போனவர் எந்தப் பதிவேட்டிலும் இடம்பெறுவதில்லை.

அன்றிரவு காரணத்தைத் தேடினேன். அந்தத் தொலைபேசியிலிருந்த உலாவி பழையது. என் நிரலிலே புதிய இலக்கண வடிவம் ஒன்று ஓரிடத்தில் வந்திருந்தது. ஜாவாஸ்கிரிப்ற் மொழியின் இயல்பு யாதெனின், ஒரு கோப்பிலே தனக்கு விளங்காத தொடர் ஒன்று இருந்தால் உலாவி அந்தக் கோப்பு முழுவதையும் தள்ளிவிடும். எச்.ரி.எம்.எல். அப்படியன்று. விளங்காத குறி ஒன்று வந்தால் அதனை மாத்திரம் விட்டுவிட்டு மிகுதியைக் காட்டும். முன்னது ஒரு பிழைக்காக விடைத்தாள் முழுவதையும் கிழித்தெறியும் பரீட்சகர். பின்னது பிழையான விடைக்கு மாத்திரம் புள்ளி குறைப்பவர். நான் முப்பது பக்கச் செய்தி முழுவதையும் முதலாமவர் கையிலே ஒப்படைத்திருந்தேன்.

இனி, பழைய முறை யாது, புதிய முறை யாது என்பதைச் சற்று விளக்கவேண்டும்.

1989 ஆம் ஆண்டிலே ஜெனீவா நகரை அடுத்த சேர்ண் ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய ரிம் பேர்னர்ஸ்-லீ என்பவர், பின்னர் உலகளாவிய வலை என்று பெயர்பெற்ற திட்டத்தை முன்வைத்தார். அதன் நடைமுறை நமது ஊர் வாசிகசாலையின் நடைமுறை போன்றது. ஒருவர் வந்து ஒரு பத்திரிகையைக் கேட்கிறார். பொறுப்பாளர் எடுத்துக் கொடுக்கிறார். இன்னொன்றைக் கேட்டால் முன்னதை வாங்கி வைத்துவிட்டு அதனைக் கொடுக்கிறார். கேட்பது உலாவி, கொடுப்பது சேவையகம். ஒவ்வொரு முறையும் கொடுக்கப்படுவது முழுமையான ஒரு பக்கம். அதற்கென ஒரு முகவரி உண்டு. அம்முகவரியை எழுதி நண்பனுக்கு அனுப்பினால் அவனும் அதே பக்கத்தையே காண்பான்.

இந்த முறையிலே ஒரு குறை இருந்தது உண்மை. சிறிய மாற்றம் ஒன்றுக்காகவும் பக்கம் முழுவதையும் மீண்டும் கொணரவேண்டும். பழைய தேசப்படத் தளங்களைப் பாவித்தவர்களுக்கு இது நன்றாக நினைவிருக்கும். படத்தைக் கிழக்கே சற்று நகர்த்த அம்புக்குறியை அழுத்தினால் திரை வெளுக்கும். தலைப்பு, பட்டியல், விளம்பரம் யாவும் அழிந்து மறுபடியும் ஒவ்வொன்றாக வரும். தேசப்படம் கடைசியாக வரும்.

இதற்கு மருந்து சிறிது சிறிதாகக் கிடைத்தது. 1995 இல் நெற்ஸ்கேப் கொம்பனியைச் சேர்ந்த பிரெண்டன் ஐக் பத்து நாட்களிலே ஜாவாஸ்கிரிப்ற் மொழியின் முதல் வடிவத்தை ஆக்கினார். 1999 இல் மைக்கிறோசொவ்ற் தனது உலாவியின் ஐந்தாம் பதிப்பிலே, பக்கத்தை அழியாமல் வைத்துக்கொண்டே பின்னணியில் சேவையகத்தோடு பேசும் வசதியைச் சேர்த்தது. வலையிலே அவுட்லுக் மின்னஞ்சலைக் காட்டவேண்டிய தேவையிலிருந்து பிறந்த வசதி அது. சில ஆண்டுகள் அதனைப் பலர் கவனிக்கவில்லை. 2004 ஏப்பிரலில் ஜீமெயிலும் 2005 பெப்புருவரியில் கூகிள் தேசப்படமும் வந்தபோதுதான் உலகம் விழித்துக்கொண்டது. படத்தைக் கையால் பிடித்து இழுப்பது போல இழுக்கலாம், திரை வெளுப்பதில்லை. அதே பெப்புருவரியில் ஜெசி ஜேம்ஸ் கரற் என்பவர் இந்த முறைக்கு "அஜாக்ஸ்" என்று பெயர் சூட்டினார்.

பக்கத்தின் ஒரு பகுதியை மாற்றலாம் என்று தெரிந்தபின், பக்கம் முழுவதையுமே ஏன் இவ்வாறு மாற்றக்கூடாது என்ற எண்ணம் எழுந்தது. அதுவே ஒற்றைப் பக்கச் செயலி. சேவையகம் முதலில் அனுப்புவது ஏறக்குறைய வெறுமையான ஒரு பக்கம். அதனோடு ஒரு பெரிய நிரல் வரும். அந்த நிரல் இறங்கி, ஓடத் தொடங்கி, தனக்கு வேண்டிய தரவுகளைக் கேட்டு வாங்கி, திரையைத் தானே வரையும். அதன்பின் நீங்கள் எந்த இணைப்பை அழுத்தினாலும் உலாவிக்கு வேலையில்லை. நிரலே அதனைத் தடுத்து வாங்கி, தரவைப் பெற்று, திரையை மாற்றி, முகவரியையும் மாற்றி எழுதிவிடும்.

வீட்டு உவமையாகச் சொன்னால், கடைக்குப் போய்ப் புட்டுக் கேட்டவனுக்குப் புட்டைக் கொடுக்காமல், மாவையும் தேங்காயையும் நீத்துப்பெட்டியையும் அடுப்பையும் கொடுத்து, "இனி வேண்டிய நேரமெல்லாம் நீரே அவித்துக்கொள்ளும், அடிக்கடி கடைக்கு வரவேண்டியதில்லை" என்று சொல்வது போன்றது இது. நாள்தோறும் மூன்று வேளையும் புட்டு உண்பவனுக்கு இது பெரிய உபகாரம். வழிப்போக்கனாக ஒரு தரம் வந்தவன் அடுப்பைத் தூக்கிக்கொண்டு எங்கே போவான்?

நம்மைப் போன்ற தூரதேசத்தவருக்கு இதிலே இன்னொரு கணக்கும் உண்டு. கண்ணாடி இழையிலே ஒளி செக்கனுக்கு ஏறத்தாழ 200,000 கிலோமீற்றர் செல்கிறது. சேவையகம் அமெரிக்காவின் கிழக்குக் கரையில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இங்கிருந்து அங்கே ஏறத்தாழ 14,000 கிலோமீற்றர். ஒரு கேள்வி போய் விடை திரும்ப, கடலடிக் கேபிள் நேர்கோட்டிலே கிடந்தாலும், செக்கனில் ஏழில் ஒரு பங்கு ஆகும். கேபிள் நேர்கோட்டிலே கிடப்பதில்லை என்பது வேறு விஷயம். எவ்வளவு பணம் கொடுத்தாலும் இந்த நேரத்தைக் குறைக்க இயலாது. பல பக்க முறையிலே, தொடர்பு ஏற்பட்ட பின் ஒரு போய்வரவிலேயே செய்தி வரத் தொடங்கும். ஒற்றைப் பக்க முறையிலே வெறும் பக்கத்துக்கு ஒன்று, நிரலுக்கு ஒன்று, தரவுக்கு ஒன்று என்று குறைந்தது மூன்று. ஒன்று முடியாமல் அடுத்தது தொடங்காது.

அளவும் ஒரு காரியம். இணைப்பு ஒன்று தொடங்கும்போது சேவையகம் எடுத்த எடுப்பிலே எல்லாவற்றையும் கொட்டிவிடுவதில்லை. வழி எவ்வளவு தாங்கும் என்று பார்த்துப் பார்த்தே கூட்டும். 2013 இல் வெளியான பரிந்துரைப்படி முதல் தடவையில் பத்துப் பொதிகள், அதாவது ஏறத்தாழ 14 கிலோபைற் அனுப்பலாம். சுருக்கி அனுப்பிய ஓர் அறிவித்தல் பக்கம் அந்த முதற் கையிலேயே அடங்கிவிடும். ஆனால் கைத்தொலைபேசிக்கு வரும் நடுத்தரமான ஒரு பக்கத்திலே ஜாவாஸ்கிரிப்ற் மாத்திரம் அரை மெகாபைற்றுக்கு மேல் என்று, இணையப் பக்கங்களை அளந்து பதிவுசெய்யும் எச்.ரி.ரி.பி. ஆர்க்கைவ் 2024 ஆம் ஆண்டுக்குக் கணக்குக் காட்டியது. இறங்கினால் மட்டும் போதாது. அதனைத் தொலைபேசி வாசித்து, விளங்கி, ஓட்டவேண்டும். விலைகுறைந்த தொலைபேசிக்கு இதிலே மூச்சு வாங்கும்.

"ஒரு தரம்தானே இந்தத் தாமதம், பிறகு எல்லாம் வேகமாக நடக்குமே" என்று சொல்வாரும் உளர். அவர் சொல்வது சரி. எத்தனை பேர் அந்தப் "பிறகு" வரை இருக்கிறார்கள் என்பதே கேள்வி. அறிவித்தல் பார்க்க வந்தவர் ஒரு பக்கத்தைப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார். முதலிலே கட்டிய வட்டியை அவர் ஒருபோதும் திரும்பப் பெறுவதில்லை.

ருவிற்றர் நிறுவனத்தின் கதை இந்த வழக்குக்கு நல்ல சாட்சி. 2010 செப்ரெம்பரிலே அவர்கள் தங்கள் தளத்தைப் புதுப்பித்து, திரை வரையும் வேலையை வாசகரின் உலாவிக்கு மாற்றினார்கள். முகவரிகளின் நடுவிலே சதுரக் குறியும் வியப்புக்குறியும் சேர்ந்து வந்ததைப் பலர் கண்டிருப்பீர்கள். ஒன்றரை ஆண்டு கழிந்தபின், 2012 மே மாதத்தில் அவர்களே மனம் மாறி, முதற் பக்கத்தை மீண்டும் சேவையகத்திலேயே வரைந்து அனுப்பப்போவதாக அறிவித்தனர். அதனால் முதற் பக்கம் வரும் நேரம் முன்னிருந்ததில் ஐந்திலொன்றாகக் குறைந்தது என்றும் அவர்களே எழுதினர். உலகத்துச் சிறந்த பொறியியலாளர் பலர் வேலைபார்த்த இடம் அது. நிரல் எழுதத் தெரியாமல் மெதுவாகிவிட்டது என்று நாம் சொல்லமுடியாது.

அந்த வியப்புக்குறி முகவரியிலே இன்னொரு வில்லங்கமும் இருந்தது. முகவரியிலே சதுரக் குறிக்குப் பின்னால் வருவதை உலாவி சேவையகத்துக்குச் சொல்லுவதே இல்லை, தன்னோடேயே வைத்துக்கொள்ளும். ஆதலால் வாசகர் எந்தப் பக்கத்தைத் தேடி வந்தார் என்பது சேவையகத்துக்குத் தெரியாது. அந்தக் காலத்திலே பகிரப்பட்ட இணைப்புகள் ஊரெல்லாம் பரவிவிட்டன. கட்டமைப்பைக் கைவிட்ட பின்னரும், அந்தப் பழைய முகவரிகளைச் சரியான இடத்துக்குத் திருப்பி விடுவதற்கு ஒரு நிரலை முதற் பக்கத்திலே வைத்துத்தான் ஆகவேண்டும். ஒரு தரம் தவறான இடத்தில் போட்ட வேலியைப் பிடுங்கினாலும் அதன் தடம் எத்தனை மாரிக்கும் நிற்கும் அல்லவா, அது போல.

அதே முகவரி முறையைக் கையாண்ட கோக்கர் என்னும் அமெரிக்கச் செய்தித் தளக் குழுமத்துக்கு 2011 பெப்புருவரியில் நேர்ந்தது இன்னும் வெளிப்படையானது. ஜாவாஸ்கிரிப்ற் கோப்பு வந்துசேரவில்லை. அதன் தளங்கள் சில மணி நேரம் வெறுமையாகக் கிடந்தன. கட்டுரைகள் எல்லாம் சேவையகத்திலே பத்திரமாக இருந்தன. அவற்றை எடுத்துப் போடுவதற்கு மாத்திரம் ஆளில்லை.

இவற்றைக் கேட்டு, ஜாவாஸ்கிரிப்ற்றை வேண்டுமென்றே நிறுத்தி வைத்திருக்கும் சில பிடிவாதக்காரருக்காகவா இவ்வளவு கவலை என்று சிலர் கேட்பதுண்டு. பிரித்தானிய அரசாங்கத்தின் எண்மச் சேவையார் 2013 ஆம் ஆண்டிலே இதனை அளந்து பார்த்தனர். வந்தவர்களில் நூற்றுக்கு 1.1 பங்கினருக்கு ஜாவாஸ்கிரிப்ற் வேலை செய்யவில்லை. அவர்களில் அதனை நிறுத்தி வைத்திருந்தவர்களும், அந்த வசதியே இல்லாத உலாவி வைத்திருந்தவர்களும் சேர்ந்து 0.2 பங்கினர்தாம். எஞ்சிய 0.9 பங்கினரிடம் எல்லாம் சரியாகவே இருந்தன. எப்படியோ வழியில் தவறிவிட்டது. தொடர்பு அறுந்திருக்கலாம், அலுவலக வலையமைப்பு மறித்திருக்கலாம், தொலைபேசி களைத்திருக்கலாம். நூறாயிரம் பேர் வரும் தளமாயின், இந்தக் கணக்குப்படி 1,100 பேர். என்னிடம் தொலைபேசியை நீட்டிய தாயார் அந்த 1,100 பேரில் ஒருவர் என்றுதான் நான் எண்ணிக்கொள்கிறேன்.

இவ்வளவும் வாசகர் பக்கத்து நட்டம். கட்டுபவன் பக்கத்து நட்டமும் சிறியதன்று. உலாவி என்பது முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பலர் உழைத்துச் செம்மைப்படுத்திய கருவி. பின்செல்லும் பொத்தானை அழுத்தினால் முன்பு வாசித்த இடத்துக்கே கொண்டுபோய் விடும். பக்கம் வருகிறது என்று அடையாளம் காட்டும். வராவிட்டால் ஏன் வரவில்லை என்று சொல்லும். பார்வையற்றோர் பாவிக்கும் திரைவாசிப்பானுக்குப் புதிய பக்கம் வந்துவிட்டதென்று அறிவித்து, அதன் தலைப்பை வாசிக்கச் செய்யும். இத்தனையும் நமக்கு இலவசம். இணைப்பை நிரல் தடுத்து வாங்கிய கணத்திலே இவை அனைத்தும் நமது பொறுப்பாகின்றன. ஒவ்வொன்றையும் நாமே எழுதவேண்டும். பெரும்பாலானோர் பாதியை எழுதி மீதியை மறந்துவிடுகிறார்கள். நான் மறந்தவற்றிலே திரைவாசிப்பானும் ஒன்று. பக்கம் மாறியதைக் கண்ணுள்ளவர் கண்டார். மற்றவருக்கு அழுத்தியும் ஒன்றும் நிகழாதது போலவே இருந்திருக்கும்.

இரட்டை வேலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. படிவத்திலே அடையாள அட்டை இலக்கம் சரியா என்று உலாவியிலும் பார்க்கவேண்டும், சேவையகத்திலும் பார்க்கவேண்டும். இன்னார்க்கு இன்னது காட்டலாம் என்ற விதியையும் அவ்வாறே ஈரிடத்தில் எழுதவேண்டும். ஓரிடத்தில் திருத்தி மற்ற இடத்தில் மறந்தால் வழக்கு வரும். ஆயுளும் குறைவு. 2010 இல் வந்த அங்குலர்-ஜேஎஸ் என்னும் கருவியிலே எத்தனையோ தளங்கள் கட்டப்பட்டன. 2016 இல் அதன் அடுத்த பதிப்பு பழையதோடு ஒத்துப்போகாத முற்றிலும் புதிய கட்டடமாக வந்தது. பழையதற்கான பராமரிப்பு 2021 ஆம் ஆண்டோடு நின்றது. சேர்ணிலே எழுதப்பட்ட முதல் வலைப்பக்கத்தையோ இன்றைய உலாவியிலும் ஒரு குறையுமின்றி வாசிக்கலாம்.

அங்ஙனமாயின் இந்தக் கட்டமைப்பு ஏன் இவ்வளவு பரவியது? மடமையினால் என்று சொல்வது எளிது, உண்மையன்று. கைத்தொலைபேசிச் செயலிகள் பெருகிய காலம் அது. செயலிக்கு எப்படியும் தரவை மாத்திரம் கொடுக்கும் சேவையகம் வேண்டும். அது இருக்கும்போது இணையத்தளமும் அதனிடமே கேட்டு வாங்கட்டும் என்பது நிருவாகிகளுக்குச் சிக்கனமாகத் தோன்றியது. முன்பக்க வேலைக்கு ஒரு குழு, பின்பக்க வேலைக்கு ஒரு குழு என்று பிரித்து வேலைவாங்கவும் வசதியாயிற்று. பேஸ்புக் நிறுவனம் 2013 இல் றியாக்ற் என்னும் கருவியை உலகுக்குத் திறந்துவிட்டது. சிக்கலான திரைகளை ஒழுங்காக எழுதுவதற்கு அது நல்ல கருவி. அதில் எனக்கு ஐயமில்லை. றியாக்ற்றைச் சேவையகத்திலே ஓட்டியும் பக்கம் வரையலாம் என்பதையும் இங்கே சொல்லிவிடவேண்டும். கருவியையும் கட்டமைப்பையும் ஒன்றாக எண்ணி ஏசுவது முறையன்று. ஆனால் வேலைக்கு ஆள் தேடும் விளம்பரங்களெல்லாம் அதனையே கேட்டன. இளைஞர் அதனையே கற்றனர். கற்றதையே எல்லா இடத்திலும் பிரயோகித்தனர். நானும் அவ்வழி வந்தவனே.

மறுபக்கத்துக்கும் நீதி செய்யவேண்டும். வரைபடம் தீட்டும் பிக்மா, பலர் ஒரே வேளையில் எழுதும் கூகிள் டொக்ஸ், இழுத்து நகர்த்தும் தேசப்படம் போன்றவற்றைப் பல பக்க முறையிலே கட்டுவேன் என்று ஒருவர் சொன்னால் அவருக்கு மருந்து கொடுக்கவேண்டும். அங்கே ஒருவர் மணிக்கணக்காக ஒரே திரையிலே இருந்து வேலைசெய்கிறார். அவருடைய கோடும் எழுத்தும் முதலிலே அந்தத் திரையில் வாழ்ந்து பின்னரே சேவையகத்துக்குப் போகின்றன. தொடர்பு அறுந்தாலும் வேலை நிற்கக்கூடாது. அப்படிப்பட்டவருக்கு அடுப்பையும் நீத்துப்பெட்டியையும் கொடுப்பதே தர்மம். ருவிற்றரும் 2019 இல் மீண்டும் ஒற்றைப் பக்க முறைக்கே போயிற்று. இதனைச் சொல்லாமல் மறைத்தால் முன்னே நான் சொன்ன சாட்சி அரைச் சாட்சியாகிவிடும். இடையிலே கருவிகள் திருந்தின. சதுரக் குறி இல்லாமலே முகவரியை மாற்றும் வழி எல்லா உலாவிகளிலும் வந்துவிட்டது. நிரலைத் துண்டு துண்டாகப் பிரித்து வேண்டியதை மட்டும் அனுப்பப் பழகினர். நாள் முழுதும் அதிலேயே இருப்பவரை எண்ணிக் கட்டினால் அது பிழையான முடிவன்று. ஒரு குறிப்பை வாசிக்க மட்டும் வந்து போகிறவரை எண்ணினால் விடை வேறு.

எனவே நான் கேட்கும் கேள்வி, வருபவர் எவ்வளவு நேரம் இருக்கிறார், வந்து வாசிக்கிறாரா ஆக்குகிறாரா என்பதே. செய்தித்தாள், பாடசாலைத் தளம், அரசாங்க அறிவித்தல், கடை, நூலகப் பட்டியல், சங்கத்தின் தளம் இவை அனைத்தும் வாசிக்க வருபவருக்கானவை. விக்கிப்பீடியா உலகத்திலே மிக அதிகமானோர் செல்லும் தளங்களில் ஒன்று. இணைப்பை அழுத்தினால் அது இன்றும் முழுப் பக்கத்தையே கொடுக்கிறது. அதனை யாரும் பழங்காலத்துத் தளம் என்று வெறுத்து ஒதுக்கியதாக நான் கேள்விப்படவில்லை.

இடையிலே ஒரு வழியும் உண்டு. அதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. பக்கத்தைச் சேவையகமே வரையட்டும். மாறவேண்டிய ஒரு மூலை மாத்திரம் இருந்தால், அந்த மூலைக்குரிய எச்.ரி.எம்.எல். துண்டை மட்டும் கேட்டு வாங்கி அங்கே பொருத்தலாம். எச்.ரி.எம்.எக்ஸ். என்னும் சிறு கருவி 2020 இல் இதற்கென்றே வந்தது. அதே ஆண்டு யூனில் பேஸ்காம்ப் நிறுவனத்தார் "ஹேய்" என்ற மின்னஞ்சல் சேவையைத் தொடங்கி, அதனைக் கட்டிய இம்முறையை "ஹொற்வயர்" என்ற பெயரில் திசெம்பரில் வெளியிட்டனர். மின்னஞ்சல் என்றால் ஒற்றைப் பக்கம் தவிர வேறு வழியில்லை என்று ஜீமெயிலைக் காட்டி வாதிட்டவர்களுக்கு அது ஒரு விடையாயிற்று.

திரை வெளுக்கும் பழைய குறைக்கும் உலாவிகளே பரிகாரம் தேடிக்கொண்டன. 2019 முதல் குரோம் உலாவி, அதே தளத்திலே அடுத்த பக்கம் வரும்வரை பழையதை அழிக்காமல் வைத்திருக்கிறது. முழுப் பக்கம் மாறும்போதும் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மெல்லக் கலந்து மாறும் வசதியை 2024 இல் குரோமும் சபாரியும் கொடுத்தன. அதற்கு வேண்டியது சி.எஸ்.எஸ். கோப்பிலே இரண்டு மூன்று வரிகள். நான் எந்த வழுக்கு நடைக்காக அவ்வளவு பெரிய நிரலை அந்த அலுவலகத்தின் தலையிலே ஏற்றினேனோ, அந்த நடை இன்று ஏறக்குறைய இனாமாகக் கிடைக்கிறது.

இங்கே கணினி கற்கும் இளைஞர் பலர் இருக்கிறீர்கள். றியாக்ற் கற்காதீர்கள் என்று நான் சொல்லப்போவதில்லை. சொன்னாலும் கேட்கமாட்டீர்கள், உத்தியோகம் வேண்டும் அல்லவா? அதற்கு முன் ஒரு மாதம் வெறும் எச்.ரி.எம்.எல். படிவம் ஒன்று சேவையகத்துக்கு எப்படிப் போகிறது, விடை எப்படித் திரும்பி வருகிறது, பின்செல்லும் பொத்தான் என்ன செய்கிறது என்பவற்றைக் கையால் எழுதிப் பழகிக்கொள்ளுங்கள். எதனை மாற்றி வைக்கிறோம் என்று தெரியாமலே மாற்றி வைத்தவன் நான். வேலைக்கு எடுத்த இடத்திலே ஒற்றைப் பக்கமே வேண்டும் என்று சொன்னால், யாருக்காக என்று ஒரு தரம் கேட்டுப் பாருங்கள். விடை கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டாலும் சம்பளத்தை வாங்கிக்கொண்டு, பழைய தொலைபேசி ஒன்றிலே அதனைத் திறந்து பார்த்துவிடுங்கள்.

அலுவலகத்துத் தளம் என்னவாயிற்று என்று கூட்டம் தொடங்குமுன் தலைவர் கேட்டார். அதனை மூன்று வாரத்தில் மறுபடி எழுதிக் கொடுத்தேன். அதற்குக் கூலி வாங்கவில்லை, வாங்க முகமும் இல்லை. முப்பதும் தனித்தனிப் பக்கங்கள். படிவத்திலே மாத்திரம் சிறிய ஒரு நிரல் இருக்கிறது. அது ஓடாவிட்டாலும் படிவம் போகும். அலுவலகத் தலைவருக்கு மாத்திரம் முழுத் திருப்தி இல்லை. முன்பு பக்கம் வருமுன் நடுவிலே ஒரு வட்டம் சுற்றிக்கொண்டிருக்குமே, அது பார்க்க நவீனமாக இருந்தது, அதனை ஏன் எடுத்துவிட்டீர்கள் என்று கேட்டார். இப்போது பக்கம் உடனே வந்துவிடுகிறது, ஐயா, வட்டம் சுற்றுவதற்கு நேரமில்லை என்றேன். அவர் சற்று யோசித்துவிட்டு, அப்படியென்றாலும் ஒரு சிறிய வட்டம் வைக்கலாமே என்றார்.

வைக்கவில்லை.